புகை மருந்தாகாது



மொனராகலை, படல்கும்புர, பிபிலை, பசறை, லுணுகலைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு. பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டுத் திட்டுவதென்றாலும் பரவாயில்லை, திட்டுங்கள்.

வெயில் காலம் வந்தால் நமது பக்கத்தில் எந்தத் திசையைப் பார்த்தாலும் புகைதான். பெரும்போக மழைக்கு முன் சேனைக்காரர் காடு வெட்டி எரிக்கிறார்கள். எல்ல, ஹப்புத்தளை, வெல்லவாயப் பக்கத்து மலைகளில் மானாப்புல் பற்றி எரிகிறது. கரும்பு வெட்டிய காணியில் சோகைக்கு நெருப்பு வைப்பவர்களும் உண்டு. ஊருக்குள்ளே வளவுக் குப்பை, பொலித்தீன், பழைய டயர் என்று அந்தி நேரத்தில் ஒவ்வொரு வேலியோரமும் புகைகிறது. பள்ளிக்கூடங்களும் இதில் விலக்கில்லை. துப்புரவு நாள் முடிந்தால் மைதானத்து மூலையில் ஒரு குவியல் எரியும்.

இதைப் பற்றிக் கதைத்தால் வருகிற பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "புகை மரஞ்செடிக்கு நல்லது. நோய் அண்டாது. அந்தக் காலத்தில் மாமரத்துக்குக் கீழே புகை போட்டுத்தானே பூக்க வைத்தார்கள்?" இதைச் சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்ல. நம்மை விட அதிகமாக மண்ணோடு பழகியவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போகலாம். பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறோம்.

மாமரம் பூப்பதற்குக் காரணம் புகையில் உள்ள எதிலீன் என்ற வாயு. அது பூக்க வைக்குமே தவிர, நோய் தீர்ப்பது அதன் வேலையல்ல. நோய் விஷயத்தில் வேலை செய்வது வேறொன்று, கந்தகம். நிலக்கரியை எரித்தால் கந்தகவீரொட்சைட்டு என்ற வாயு வரும். இலையில் பனியோ மழைநீரோ படிந்திருந்தால் அந்த வாயு அதில் கரைந்து அமிலமாகும். பங்கசின் வித்தி முளைப்பதற்கும் அதே ஈரம்தான் தேவை. ஈரம் அமிலமானால் பல பங்கசுகளின் வித்திகள் முளைக்காமலே போய்விடும்.

இதற்கு இங்கிலாந்து பெரிய சாட்சி. ஆலைப் புகையும் வீட்டு நிலக்கரிப் புகையும் மூடிக்கிடந்த நகரங்களில் ரோஜா இலையில் கரும்புள்ளி நோய் அரிதாக இருந்தது. 1952 டிசம்பரில் இலண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்தபின், 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. காற்றில் கந்தகம் குறையக் குறைய ரோஜாக்களில் கரும்புள்ளி திரும்பி வந்தது. மேப்பிள் இன மரங்களின் இலையில் தார் சொட்டியது போலக் கறுப்புப் பொட்டு வைக்கும் இன்னொரு பங்கசும் நகரங்களுக்குத் திரும்பியது.

அதைவிடப் பெரிய சாட்சி கோதுமை வயலில் கிடைத்தது. ரொதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை பயிரிட்டு, ஆண்டுதோறும் வைக்கோலையும் தானியத்தையும் மாதிரியாக எடுத்துப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். அந்தப் பழைய மாதிரிகளில் இருந்த பங்கசுகளின் மரபணுவைப் பரிசோதித்த முடிவுகள் 2005 இல் வெளியாயின. கோதுமை இலையைத் தாக்கும் இரண்டு பங்கசுகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று போட்டி போட்டிருக்கின்றன. எது மேலோங்கி இருந்தது என்பதை நாட்டின் கந்தகப் புகையின் அளவோடு ஒப்பிட்டபோது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தன. புகை கூடிய காலத்தில் ஒரு பங்கசு ஆட்சி செய்தது. புகை குறைந்ததும் அது ஒதுங்க, மற்றது வந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் கோதுமை வயல் சொன்னதை இன்னொரு தடவை பாருங்கள். புகை நோயை ஒழிக்கவில்லை. நோயாளியை அப்படியே படுக்க வைத்துவிட்டு நோயை மட்டும் மாற்றியது. ஒரு திருடனைத் துரத்தி இன்னொரு திருடனுக்குக் கதவு திறந்த கதைதான்.

அடுத்தது, நாம் எரிப்பது நிலக்கரியல்ல. இலை, தழை, விறகு, சோகை, பொலித்தீன். இவற்றில் கந்தகம் மிகக் குறைவு. ஆகவே பங்கசைத் தடுக்கும் என்று நம்பப்படுகிற சரக்கே நமது புகையில் இல்லை. இருப்பது நுண்துகள், காபனோரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், அரைகுறையாக எரிந்த வாயுக்கள். இந்த நைதரசன் ஒட்சைட்டுகளும் அரைகுறை வாயுக்களும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் உண்டாகிறது. வானத்தின் உச்சியில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. தரையோடு கிடக்கும் ஓசோன் இலைக்கு நஞ்சு. இலைவாய் வழியாக உள்ளே போய் இழையங்களைச் சுடும், விளைச்சலைக் குறைக்கும். அப்படிச் சுட்ட இடம் செத்த இழையமாகும். செத்த இழையத்தில் குடியேறி அங்கிருந்து பரவும் பங்கசுகள் இருக்கின்றன. ஓசோன் பட்ட உருளைக்கிழங்கு இலையைச் சாம்பல் பூஞ்சணம் சுலபமாகப் பிடிப்பதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். உயிருள்ள இழையத்தை மட்டுமே உண்ணும் துரு நோய் போன்றவை சில வேளை குறையவும் கூடும். எது கூடும், எது குறையும் என்பது பயிரையும் பங்கசையும் பொறுத்தது. "புகை நல்லது" என்று மொத்தமாகச் சொல்வதற்கு இடமே இல்லை.

"அப்படியானால் இறப்பருக்கு ஏன் கந்தகம் தூவுகிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும் காலத்தில் இறப்பரைப் பிடிக்கும் வெண்சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் பழைய மருந்து. அந்தத் தூள் இலையின் மேலே உட்கார்ந்து, அங்கேயுள்ள பங்கசைத் தடுக்கிறது. காலம் பார்த்து, அளவு பார்த்துத் தூவுகிறார்கள். கந்தக வாயுவுக்குக் காலமும் இல்லை, அளவும் இல்லை. அது இலைக்கு உள்ளேயும் போகும், பிள்ளையின் நுரையீரலுக்கு உள்ளேயும் போகும். வைத்தியர் தரும் குளிசையையும் அதே மருந்து கலந்த ஆற்றுத் தண்ணீரையும் ஒன்றென்று யாரும் சொல்லமாட்டோம்.

இன்னொரு நியாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. நோய் பிடித்த செடியை அப்புறப்படுத்தி எரிப்பது சில நோய்களுக்குச் சரியான வழிதான். கரும்பின் உச்சியிலிருந்து கறுப்புச் சாட்டை போல நீளும் கரிப்பூட்டை நோய் அதற்கு உதாரணம். அந்தச் சாட்டை முழுவதும் வித்தி. காற்று அசைத்தாலே பறக்கும். அதை மூடி வெட்டி எடுத்து அழிக்கத்தான் வேண்டும். ஆனால் நோய் பிடித்த நாலு தூரை எரிப்பதும் நோயில்லாத நாலு ஏக்கர் சோகையை எரிப்பதும் ஒன்றா? முன்னது சிகிச்சை. பின்னது நாளைக்கு மண்ணாக வேண்டியதை இன்றைக்கே வானத்துக்கு அனுப்புவது.

இதையெல்லாம் ஏன் ஊவாக்காரர்களான நாம் மற்றவர்களை விடக் கூடுதலாக யோசிக்க வேண்டும்? காற்றில் வரும் பங்கசு ஒரு நாட்டின் பிழைப்பையே புரட்டிப் போட்ட கதை நமது மலையில்தான் தொடங்கியது.

1869 இல் மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பார்த்த பேர்க்லி, இதுவரை அறியாத பங்கசு என்று சொல்லிப் பெயர் வைத்தார். கோப்பித் துரு நோய். துரைமார் அதன் விஞ்ஞானப் பெயரைச் சுருக்கி "நாசகார எமிலி" என்று பட்டம் வைத்துக் கேலி செய்தார்களாம். கேலி நீடிக்கவில்லை. காற்றில் ஏறி மலைக்கு மலை போனது. நோயைப் படிப்பதற்கென்று மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து சேர்ந்தது 1880 இல். பதினொரு ஆண்டு தாமதம். அவர் கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் வைத்தார். காற்றில் வந்த வித்திகள் அதில் ஒட்டின. நோய் காற்றில்தான் பயணிக்கிறது என்பதையும், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிரை நட்டால் அது பங்கசுக்குப் பந்தி விரித்த மாதிரி என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. 1884 இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கியும் விழுந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது.

துரைமாருக்கு அது நட்டக் கணக்கு. கூலிக்கு வந்த சனத்துக்கு அது அடுத்த வேளைச் சோறு. இன்றைக்கு நமது பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற பிள்ளைகளின் பூட்டன் பூட்டிமாரில் எத்தனை பேர் அந்த மாற்றத்தில் அலைந்திருப்பார்கள்?

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1869 இல் மடுல்சீமையில் வாகனம் இல்லை, பொலித்தீன் இல்லை. சுத்தமான காற்றுத்தான். ஆனாலும் நோய் வந்தது. காற்றைச் சுத்தமாக வைத்தால் மட்டும் பயிர் தப்பிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காற்றில் என்ன வருகிறது என்று பார்க்க ஆளில்லாமல் இருந்ததுதான் அன்றைய கேடு. இன்றைக்கு அதோடு புகையும் சேர்ந்திருக்கிறது.

தேயிலைக்கு வந்தது கொப்புள நோய். 1946 இல் இலங்கைக்குள் நுழைந்தது. அதுவும் காற்றில் பரவும் பங்கசுதான். முற்றிய இலையை அது தொடுவதில்லை. தளிரைத்தான் பிடிக்கும். நாம் கொழுந்து என்று பறிப்பதும் அதைத்தான். கவ்வாத்து வெட்டித் துளிர்க்கும் மலையில் இன்னும் மோசம். கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகும். ஒரு வித்தி இலையில் முளைப்பதற்கும் ஒரு வீட்டில் மாதக் கடைசியில் சீட்டுக் காசு கட்ட முடியாமல் போவதற்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

இந்தப் பங்கசுக்கு ஈரமும் மந்தாரமும் வேண்டும். வெயில் அதன் வித்திக்கு எதிரி. ஊவாவில் வடகீழ்ப் பருவமழைக் காலம்தான் அதன் காலம். அதே வடகீழ்க் காற்றுத்தான் இந்தியாவின் சமவெளிகளிலிருந்து புகைமூட்டத்தையும் நமக்குக் கொண்டுவருகிறது. 1999 இல் இந்து சமுத்திரத்தின் மேல் நடந்த பெரிய பன்னாட்டு ஆய்வில் அந்தப் பழுப்பு மூட்டத்தை அளந்து, அது தரைக்கு வரும் வெயிலைக் குறைப்பதையும் காட்டினார்கள். 2022 டிசம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. காற்று கெட்டுப்போனது என்று 9 ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொன்னோம். சரி. கொழுந்து மலையை யாராவது மூடினார்களா? தேயிலைச் செடியை எந்த வீட்டுக்குள் வைப்பது? மழையும் மூட்டமும் சேர்ந்து வரும் அந்த மாதங்களில் கொப்புள நோய் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தோட்டம் தோட்டமாக அளந்து, அந்தக் கணக்கைத் தொழிலாளிக்கும் சிறு தோட்டக்காரருக்கும் சொல்ல வேண்டும். இதுவே இந்தப் பதிவில் நாங்கள் வைக்கும் முதல் கோரிக்கை.

இறப்பர்க்காரருக்கும் இதில் பங்கு உண்டு. மழை குறைந்த மொனராகலைக்கு இறப்பர் வந்தபோது, ஈரப் பிரதேசத்தை விட இங்கே இலை நோய் குறைவாக இருக்கும் என்பதும் ஒரு நம்பிக்கையாக இருந்தது. 2019 இல் நாட்டின் இறப்பர்ப் பகுதிகளில் புதிதாக ஒரு இலையுதிர்வு நோய் தலைகாட்டியது. அதுவும் பங்கசு, அதுவும் காற்றில் போவது. நம்பிக்கை மட்டும் வேலியாகாது.

நோய் வந்தபின் மருந்தடிக்கலாமே என்பது சிலரின் எண்ணம். 2021 இல் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் இறக்குமதித் தடை வந்தபோது பங்கசுநாசினி தேடி எத்தனை கடை ஏறி இறங்கினோம்? அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்கினார்கள். ஆனால் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மருந்தடிக்கும் தொழிலாளியின் நிலை தனிக்கதை. செம்பு மருந்தையும் கந்தகத் தூளையும் வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவர்களை நாம் பார்க்காதவர்களா? பகலில் அந்த மருந்துக் காற்று. இரவில் லயத்து அறையில் விறகடுப்புப் புகை. இரண்டுக்கும் ஒரே நெஞ்சு.

ஆகவே நாங்கள் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

ஒன்று, எரிப்பதை நிறுத்துவோம். ஊரே ஒரே நாளில் மாறும் என்ற கனவு எங்களுக்கு இல்லை. பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் தங்கள் வளவுகளில் முதலில் நிறுத்தட்டும். இலை குழைக்கு ஒரு கிடங்கு வெட்டினால் ஆறு மாதத்தில் பசளை. பொலித்தீனைப் பிரதேச சபை எடுக்காவிட்டால் அதைக் கேட்க வேண்டிய இடம் பிரதேச சபை. ஜும்ஆ முடிந்தபின் நிர்வாகத்தினர் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் எங்கள் பத்துப் பாடவேளையை விட அது பெரிது.

இரண்டு, காற்றைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். மார்ஷல் வார்ட் செய்ததை நமது பிள்ளைகளும் செய்யலாம். கண்ணாடித் தகடு ஒன்று, கொஞ்சம் வஸ்லீன், பாடசாலை ஆய்வுகூடத்தில் தூசி படிந்து கிடக்கும் நுணுக்குக்காட்டி. வாரம் ஒரு தகடு. எந்த வாரம் எவ்வளவு வித்தி ஒட்டியது, அந்த வாரம் மழையா, வெயிலா, புகையா என்று எழுதி வைக்கட்டும். மரப்பட்டையில் படரும் இலைக்கன்களையும் எண்ணலாம். பங்கசும் அல்காவும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர் அது. கெட்ட காற்றில் அதன் பல இனங்கள் தாங்காது. வெல்லவாய வீதியோரத்து மரத்திலும் காட்டோரத்து மரத்திலும் எண்ணிப் பார்த்தால் பிள்ளைக்குக் காற்றின் நிலை கண்ணால் தெரியும். பரீட்சைக்கு வராதே என்று பெற்றோர் கேட்பீர்கள். வரும். வராவிட்டாலும், நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு காணிக்குச் சொந்தக்காரராகவோ ஒரு தோட்டத்துக்கு உத்தியோகத்தராகவோ வரும்போது உதவும்.

மூன்று, அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்போம். காற்றின் தரத்தை அளப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. அந்த அளவு நமது மாவட்டத்துக்கும் வேண்டும், தமிழிலும் வேண்டும். 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. பசறையிலும் அதன் நிலையம் உண்டு. இறப்பருக்கு அகலவத்தையில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் கண்டறிவது லயத்து வாசலுக்கும் இரண்டு ஏக்கர்க்காரரின் கைபேசிக்கும் நாம் வாசிக்கிற பாஷையில் வந்து சேர வேண்டும். மருந்தடிப்பவருக்கு முகமூடியும் கையுறையும் கொடுப்பது தர்மமல்ல, கடமை. தொழிற்சங்கங்கள் சம்பளம் பேசும் மேசையில் இதையும் பேசட்டும்.

சிலர் சொல்வார்கள்: இந்தியாவிலிருந்து வரும் புகையை நாம் நிறுத்த முடியுமா? முடியாது. பக்கத்து நாட்டுப் புகை நமது கையில் இல்லை என்பதால் நமது கையில் இருக்கும் நெருப்புப் பெட்டியும் நமது பொறுப்பில்லை என்றாகிவிடாது.

இன்னும் சிலர், ஏழைச் சேனைக்காரரிடம் போய் எரிக்காதே என்று சொல்வது சுலபம், அவருக்கு வேறு வழி என்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். ஒரு போகத்துக்குச் சோளம் போட்டுக் கடனடைக்க வேண்டியவரிடம் உபதேசம் எடுபடாது. காணி உறுதியும், பசளைக்கு உதவியும், வெட்டியதை மூடாக்காகப் போடுவதற்குக் கைகொடுக்க ஆளும் கிடைத்தால் அவர் எரிக்கமாட்டார். ஆகவே தண்டப்பணம் பற்றிப் பேசுபவர்கள் முதலில் இவற்றைப் பற்றிப் பேசட்டும். காரில் வந்து பொலித்தீன் பையை வீதியோரத்தில் போட்டுக் கொளுத்திவிட்டுப் போகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

உங்கள் காணியில், உங்கள் மலையில் இந்தப் பருவத்தில் இலையில் என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. எந்த ஊர், எந்தப் பயிர், எப்போது பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் ஒரு பட்டியல் செய்து, உரிய இடத்துக்கு அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ். கருத்து மாறுபாடு இருந்தால் அதையும் எழுதுங்கள். புகையை ஆதரிப்பவர்களும் நம்மவர்தான்.